சொற்களுக்கு ஒரு செக்ரோல்

தினம் பத்து வார்த்தை என்றார் மிஸ்.
பத்தும் காலையில் ஏறின.
சாயங்காலம் சேரம்பாடி பஸ் வளைவில் திரும்புமுன்
ஏழு இறங்கிப் போயின,
டிக்கெட்கூட எடுக்காமல்.

பிறகுதான் அந்தப் பழைய செக்ரோல் நோட்டைப் பிடித்தேன்.
ரைட்டர் கழித்துப் போட்டது,
கட்டமும் கோடும் தயாராக இருந்தன.
ஆள் பெயர் வருமிடத்தில் ஆங்கிலச் சொல்.
தேதிக்கு நேரே கூலி.

அர்த்தம் மட்டும் சொன்னால் அரைப்பேர்.
நானே ஒரு வாக்கியம் கட்டி
அதில் அந்தச் சொல் முதுகு வளைத்து வேலை பார்த்தால்
முழுப்பேர்.
தொண்டையிலேயே நின்றுவிட்டால் ஆப்சென்ட்.
சிக் லீவு கிடையாது.

அபண்டன்ட், முதல் நாளே முழுப்பேர்:
எங்கள் பாடியில் அட்டைகள் அபண்டன்ட்.
ஃபிராஜைல், முழுப்பேர்: மூன்றாம் வீட்டுக் கூரை.
மிஸ்ட்டும் ஃபாகும் இரட்டைப் பிள்ளைகள்,
அடையாளம் பிடிக்க இரண்டு வாரமானது.
எதிர் லாரி தெரிந்தால் மிஸ்ட்,
அதன் லைட் மட்டும் தெரிந்தால் ஃபாக்.
ஹேஸ் இந்தப் பக்கம் வேலைக்கு வருவதில்லை.
மாசியில் காடு எரிகிற நாளில்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ரிலக்டன்ட் மட்டும் நாலு நாள் ஆப்சென்ட்.
மனமில்லாத, தயங்குகிற என்கிறது டிக்ஷனரி.
அது சரிதான், வரவே மனமில்லை அதற்கு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதாம்.
ஃபீல்டு, மஸ்டர், அட்வான்ஸ், பி.எஃப்.,
ஷேடு மரம், ஸ்ப்ரே, ரவுண்டு, வெயிட்டு என்று
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எண்பத்தாறு எண்ணினேன்.
"அதெல்லாம் வேலைடீ, இங்கிலீஷ் இல்ல."

வெகேட்டுக்கு நான் எழுதியது:
பறவைகள் கூட்டை வெகேட் செய்தன.
மிஸ் பெரிய டிக் போட்டார்.

புரட்டாசி கடைசி வெள்ளி, ஆபீஸிலிருந்து காகிதம்.
டிவிஷனை மூடுகிறார்களாம்.
பதினோரு வீட்டுக்கும் ஒரே அச்சு,
பெயர் மட்டும் பேனாவில்.
தவமலர் என்பதில் ஒரு எழுத்து தப்பு.
எல்லா வீடும் என்னிடம் வந்து நின்றது,
படி யோகமதி, படி.
பிரித்தால்
எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது
வெகேட்.
பக்கத்தில் கைண்ட்லி.
பறவை இல்லை, கூடு இல்லை. முப்பது நாள்.

பதில் நீயே எழுது என்றார்கள்.
கரண்ட் போய், வந்து, மறுபடி போன ராத்திரியில்
வி ஆர் ரிலக்டன்ட் என்று எழுதினேன்.
வந்துவிட்டது ஒருவழியாக.
சந்தோஷமாக முழுப்பேர் போட்டேன்.
ஆறாம் வீட்டு ஜெசிந்தா அக்கா கேட்டாள்:
"அப்படின்னா?"
மனசில்லன்னு அர்த்தம்க்கா.
"மனசில்லாமப் போறோம்னா,
போறோம்னுதானே ஆகுது?"

அடித்தேன். முழுப்பேரையும் சேர்த்து.

ஆர் எழுத்துப் பக்கங்களில் விரல் இறங்கியது.
ரிஃப்யூஸ்: மறு, மாட்டேன் என்று சொல்.
அதன் கீழேயே, எழுத்து மாறாமல், இன்னொன்று:
கழிவு, குப்பை.
சத்தமாக வாசித்ததில்
அடுப்படியிலிருந்து அம்மா:
"ரெப்பூஸா? அது ஃபேக்டரித் தூளு.
சலிச்சு நல்லதெல்லாம் போனப்புறம் மிஞ்சுறது.
இந்தா கொதிக்குதே, இது வேற என்னவாம்?"

டம்ளரை வாங்கிக்கொண்டு
மறுபடி வாசித்தேன்.
முன்னால் அழுத்தினால் குப்பை.
பின்னால் அழுத்தினால் மாட்டோம்.
அம்மா சொல்லிப் பார்த்தாள்.
முதல் தடவை குப்பைதான் வந்தது.
இன்னொரு தடவை சொன்னாள்,
அடுப்பை ஊதிக்கொண்டே, கொஞ்சம் பலமாக.

அந்தத் தேதிக்கு நேரே ஒரு கட்டம்தான் இருந்தது.
இரண்டு பேர் போட்டேன்.